மல்லாட்டைக்குக் காவல் கைத்துப்பாக்கியா?

மார்கழிப் பட்டத்து நிலக்கடலை விழுது இறங்கிக் காய் பிடிக்கத் தொடங்கியதும், ஆரணி வட்டாரத்து உழவர்கள் கேட்கும் கேள்விகளின் போக்கே மாறிவிடும். அதுவரை ஜிப்சம் எப்போது இடுவது, சுருள்பூச்சிக்கு எதைத் தெளிப்பது என்று கேட்டவர்கள், அதன்பிறகு காட்டுப்பன்றியைப் பற்றி மட்டுமே கேட்பார்கள். சில ஆண்டுகளாக அந்தக் கேள்விகளோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ‘வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி குறைந்த விலைக்குக் கிடைக்கிறதாம். பன்றிக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாமா? உரிமத்தை யாரிடம் கேட்பது?’

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாலு வரியில் எழுதி இதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு நாள் ராத்திரியில் அரைக் காணி கடலையை இழந்தவருக்கு நாலு வரி போதாது. துப்பாக்கியை உண்மையிலேயே வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும். ஆரணியைச் சுற்றி அப்படிச் சிலர் இருக்கிறார்கள்.

பகலில் தறி, இரவில் காவல்

ஆரணி என்றால் வெளியூர்க்காரருக்குப் பட்டும் பொன்னி அரிசியும்தான் நினைவுக்கு வரும். ஆரணியிலும் சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கங்களிலும் தறி வைத்திருக்கும் குடும்பங்களில் பலருக்குக் கொஞ்சம் நிலமும் உண்டு. ஐம்பது சென்ட், எழுபது சென்ட், மிஞ்சினால் ஒன்றரை ஏக்கர். மேற்கே கண்ணமங்கலம், படவேடு, சந்தவாசல் என்று போகப் போக ஜவ்வாது மலையின் அடிவாரம் நெருங்கிவிடும். பன்றி இப்போது அடிவாரத்தோடு நிற்பதில்லை. ஓடைப் புதர், ஏரிக்கரைச் சீமைக் கருவேல், கமண்டல நாகநதியின் கரை நாணல் என்று பகலில் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்த ஊரெல்லாம் அதற்குக் காடுதான்.

இரவு பத்து மணிக்கு மேல் கூட்டமாக வரும். கண் பார்வை மந்தம். மோப்பம் மிகக் கூர்மை. மண்ணுக்குள் காய் திரண்டிருப்பதை மூக்கால் அறிந்து, ஏர் ஓட்டியது போலச் சால் சாலாகக் கிளறிவிடும். தின்பது பாதி, செடியைப் புரட்டிப்போட்டு வீணாக்குவது பாதி.

நெசவாளர் வீட்டில் இந்தச் சேதத்துக்கு இரண்டாவது கணக்கு ஒன்றும் இருக்கிறது. இரவு முழுக்க நிலத்தில் தகரம் தட்டிக்கொண்டிருந்தவர் காலையில் தறிக்குழியில் இறங்கினால் கண் செருகும். பாவில் இழை அறுந்தது தெரியாமல் நாலு விரற்கடை நெய்துவிட்டால் சேலையில் கோடு விழும். பழுது என்று கூலியில் பிடிப்பார்கள். பன்றி கடலையைத் தின்றதோடு பட்டுக் கூலியையும் தின்றதாகிவிடும். துப்பாக்கி வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைக்கிறது. ஒரே சத்தத்தில் பன்றியை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

ஒரு கைத்துப்பாக்கியின் சொந்தக்காரர்

ஆரணியில் பட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர். வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஆறு ஏக்கரில் நெல்லும் கடலையும் வைக்கிறார். அவரிடம் உரிமத்தோடு ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. இங்கிலாந்துத் தயாரிப்பு, ‘முப்பத்திரண்டு’ என்று சொல்லும் சிறிய ரகம். கச்சாப் பட்டு வாங்கப் பணமூட்டையோடு பெங்களூர் போய்வந்த காலத்தில் அவருடைய தகப்பனார் வாங்கியது. தகப்பனாருக்கு எழுபது வயது ஆனபின் வாரிசு முறைப்படி உரிமம் மகன் பெயருக்கு மாறியது.

அது வேலை செய்யும் விதத்தை அவர் நெசவாளர்களுக்குப் புரியும்படி சொல்வார். ஜக்கார்டு பெட்டியில் ஒரு மிதிக்கு ஓர் அட்டை திரும்புகிறது அல்லவா, அது போல விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டுதான் போகும். அந்த வெடியின் உதைப்பே மேல்மூடியைப் பின்னுக்குத் தள்ளி, காலி உறையை வெளியே எறிந்து, கைப்பிடிக்குள் அடுக்கியிருக்கும் அடுத்த தோட்டாவை மேலே கொண்டுவந்து வைத்துவிடும். மறுபடி சுட மறுபடி விசையை அழுத்த வேண்டும். அரை தானியங்கி என்பது இதைத்தான். விசையைப் பிடித்தபடியே இருந்தால் மழையாகப் பொழிவது முழுத் தானியங்கி. அது ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் உரியது, குடிமக்களுக்குத் தடை.

இந்த வகைக் கைத்துப்பாக்கி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. ஒரே ரயில் பெட்டிக்குள், கைக்கெட்டும் தூரத்தில் சுட்டது அது. கைத்துப்பாக்கி செய்யப்பட்டதே அந்தத் தூரத்துக்காகத்தான்.

ஆரணிக்காரர் தன் துப்பாக்கியைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது ஒன்றே ஒன்று: அழகாகச் செய்திருக்கிறார்கள், இத்தனை வருடத்தில் துரு ஏறவில்லை. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், எட்டுத் தோட்டா கொள்ளும். மற்றதெல்லாம் குறைதான். நாட்பட்ட தோட்டா ஏற்றினால் காலி உறை முழுதாக வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். புதுத் தோட்டா வாங்க உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் கிடையாது. எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் வந்தால் சாவியை இடுப்பிலேயே முடிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போவதென்றால் இதை யார் பார்த்துக்கொள்வது என்பதே முதல் கேள்வி.

பன்றி விஷயத்தில் அதன் பயன் என்ன? தகப்பனார் காலத்தில் ஒரே ஒரு முறை வரப்பில் நின்று மேலே பார்த்துச் சுட்டார்களாம். கூட்டம் கலைந்து ஓடியது. அரை மணி நேரத்தில் கிழக்குப் பக்கமாகத் திரும்பி வந்தது. மேலே போன குண்டு எங்கே விழுந்ததோ என்ற பயத்தில் அன்று யாருக்கும் தூக்கமில்லை. அதன்பிறகு அது நிலத்துக்குப் போகவே இல்லை.

“அது என்ன காப்பாத்துதோ இல்லியோ, நாற்பது வருஷமா நாங்க அதைக் காப்பாத்திகினு வரோம்” என்கிறார்.

காய் பிடிக்கும் நேரத்தில் காவல் நிலையத்தில்

2024ஆம் ஆண்டு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மக்களவைத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிடுவது வழக்கம். ஆரணி தொகுதியில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கையோ ஜூன் 4. நடத்தை விதிகள் விலகிய பிறகே துப்பாக்கி திரும்பக் கிடைத்தது.

உழவர் நாட்காட்டியோடு இதை வைத்துப் பாருங்கள். மார்கழிக் கடைசியில் விதைத்த, 105 நாள் வயதுள்ள கடலைக்கு மார்ச் நடுவில் காய் திரளும், ஏப்ரலில் பிடுங்குவார்கள். அதாவது பன்றி வரும் நாட்களில் துப்பாக்கி நிலையத்தில் இருந்தது. கடலை வீட்டுக்கு வந்து, உடைத்து, விற்று முடித்த பிறகு துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே நடைமுறை.

‘இத்தாலி மால்’

அந்தப் பங்குனியில்தான் அவருடைய தம்பி முறை உறவினரின் மகன், முப்பது வயது நெசவாளி, அவரைத் தேடி வந்தான். எழுபது சென்ட் கடலையில் பாதியைப் பன்றி புரட்டிவிட்டது. விதைக்கடலை வாங்க வைத்த நகை அடகுக் கடையில் இருந்தது. வீட்டில் மனைவி தார் சுற்றுகிறாள். மூன்று சேலைக்கான பாவு தறியில் ஏறி நிற்கிறது. இரவு காவலுக்குப் போனால் பாவு நிற்கும். போகாவிட்டால் மிச்சக் கடலை நிற்காது.

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான்.

“பெரிப்பா, ஒருத்தன் கொண்டாந்து காட்டறான். இத்தாலி மால்னு சொல்றான். நாற்பத்தஞ்சாயிரம் கேக்கறான். நீங்க வெச்சிருக்கிறவர் ஆச்சே, பார்த்துச் சொல்லுங்க.”

பெரியப்பா படத்தை வெகுநேரம் பார்த்தார். கேள்வி ஒன்றுதான் கேட்டார்: “இதுக்குப் புத்தகம் எங்கடா?”

புத்தகம் என்று அவர் சொன்னது உரிமப் புத்தகத்தை. உரிமத் துப்பாக்கி ஒவ்வொன்றின் உடம்பிலும் ஓர் எண் இருக்கும். அந்த எண் உரிமத்தில் இருக்கும். விற்ற கடையின் பேரேட்டில் இருக்கும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும். எண்ணும் புத்தகமும் இல்லாத துப்பாக்கிக்கு விலை என்று ஒன்று கிடையாது. தண்டனை என்றுதான் ஒன்று உண்டு.

மலிவான வெளிநாட்டுத் துப்பாக்கி என்ற பேச்சே இந்தியாவில் ஏன் பொருந்தாது என்பதை இங்கே விளக்கிவிடுவது நல்லது. அமெரிக்காவில் துருக்கி, பிரேசில், பிலிப்பைன்ஸ் நாடுகளில் செய்த அரை தானியங்கிக் கைத்துப்பாக்கிகள் சில நூறு டாலருக்குக் கடையில் விற்கும். அங்கே அது எளியவர் வாங்கும் சரக்கு. இந்தியாவில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி இல்லை. அரசு அங்கீகரித்த துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விதிவிலக்கு. அதனால் அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள்தான் உரிமம் உள்ளவர்களுக்குள் கைமாறுகின்றன. புதிது வராததால் பழசுக்குப் பல லட்சம் விலை. வெளிநாட்டில் சாதாரணமாகப் புழங்கும் 9 மி.மீ. ரகம் இங்கே தடை செய்யப்பட்டது. பொதுமக்களுக்கு உரிமம் கிடைப்பது ‘முப்பத்திரண்டு’ போன்ற சிறு ரகங்களுக்கே. கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலையும் அண்மைக்காலமாகச் சில தனியார் நிறுவனங்களும் இவற்றைச் செய்கின்றன. அவையும் மலிவு அல்ல.

அப்படியானால் நாற்பத்தைந்தாயிரத்துக்கு ‘இத்தாலி’ எங்கிருந்து வருகிறது? பீகாரின் முங்கேர் என்ற ஊருக்குத் துப்பாக்கி செய்வது பழைய தொழில். 1760களில் வங்காள நவாப் மீர் காசிம் தன் படைக்காக அங்கே ஆயுதப் பட்டறை அமைத்தார். அந்தக் கைத்திறன் இன்று இரண்டு கிளையாக நிற்கிறது. ஒன்று உரிமம் பெற்ற பட்டறைகள். மற்றொன்று வீட்டுக் கொல்லையில் நடக்கும் கள்ளத் தயாரிப்பு. கள்ளத் தயாரிப்பின் மேல் இத்தாலி என்றும் அமெரிக்கா என்றும் முத்திரை குத்தி விற்பது காவல்துறை பலமுறை பிடித்துக் காட்டிய சங்கதி. சாதா இரும்பைக் கடைந்து செய்த குழல், தோட்டாவின் அழுத்தம் தாங்காமல் பிளந்தால் முதலில் போவது சுடுபவரின் விரல்கள். விரல் போன நெசவாளி இழை முடிவது எப்படி?

பெரியப்பா அன்று மாலை அவனை நிலத்துக்கு அழைத்துப் போனார். துப்பாக்கி காவல் நிலையத்தில் இருந்ததால் கையில் இருந்தது டார்ச்சும் ஒரு சாக்கும் மட்டும். சாக்கில் வைக்கோலைத் திணித்துப் பன்றி உயரத்துக்கு வரப்பு ஓரம் நிறுத்தினார். முப்பது தப்படி தள்ளி வந்து இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க கீது காட்டு” என்றார்.

டார்ச் அடித்துத் தேடினான். கடலைச் செடிக்கும் சாக்குக்கும் வித்தியாசம் தெரிய நேரம் பிடித்தது. ஒரு கையில் டார்ச், மறுகையில் துப்பாக்கி என்று நினைத்துக் கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கை ஆடியது. சாக்குக்கு நேர் பின்னால், இரண்டு வயல் தள்ளி, மோட்டார் கொட்டகையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“அது யாரு?”

“பக்கத்து நிலத்து மாமா. தண்ணி பாய்ச்சறாரு.”

அதற்குமேல் பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. இந்த ரகக் குண்டு ஐந்து கிராம்கூட இருக்காது. எண்பது கிலோப் பன்றியின் தடித்த தோளில் பட்டால் அது விழாது, வெறிகொண்டு பாயும். தவறினால் குண்டு வயலோடு நிற்காது. கடலைக் காலத்து இரவில் ஒவ்வொரு நிலத்திலும் ஓர் ஆள் இருப்பார் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த நாள் அவன் அந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வாங்கியிருந்தால் என்ன ஆகும்? 2019இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாத துப்பாக்கியை வைத்திருப்பதற்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகம் ஐந்து ஆண்டு சிறையும் அபராதமும். சுட்டிருக்க வேண்டியதே இல்லை. விற்பவர், செய்பவர், பழுது பார்ப்பவர் என்றால் குறைந்தது ஏழு ஆண்டு; ஆயுள் தண்டனைவரை போகலாம். அரைக் காணி கடலைக்கு இரண்டு வருடத் தறி நிறுத்தம் என்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது.

நாட்டுத் துப்பாக்கிப் பெரியவர்

படவேட்டுப் பக்கம் அடிவாரத்தில் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே உரிமம் வாங்கிப் பல வருடம் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தும் துணியும் பால்ரஸும் போட்டுக் கம்பியால் கெட்டித்துச் சுடும் வகை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது இந்த வகையைத்தான். அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான வேறு நீளக்குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். கைத்துப்பாக்கி இந்தக் கணக்கில் வராது.

பெரியவரின் அனுபவம் இன்னும் சுருக்கமானது. பனி இறங்கினால் மருந்து பதத்துப்போகும். ஒரு வெடிக்குப் பிறகு மறுபடி கெட்டிப்பதற்குள் பன்றி அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அவர் கெட்டித்தது பெரும்பாலும் மருந்தும் துணியும் மட்டும், சத்தத்துக்காக. முதல் வருடம் சத்தத்துக்குப் பன்றி பயந்தது, பின்னால் பழகிவிட்டது. கண் மங்கியதும் துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டார்.

இங்கே பல உழவர்கள் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி உரிமம் என்பது பன்றியைக் கொல்லும் அனுமதி அல்ல. துப்பாக்கி ஆயுதச் சட்டத்தில் வருகிறது. பன்றி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்திய பின் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல அனுமதி தரும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்தவருக்கும் மட்டுமே உண்டு. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இந்த அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைக் கொண்டு சுட வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர்வரை சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், தேவைப்பட்டால், பயிற்சி பெற்ற வனத்துறையினரே சுடுவார்கள். உழவர் எங்கேயும் சுட முடியாது.

எது காத்தது?

துப்பாக்கியை விட்ட அந்த இளைஞனும் பக்கத்து நிலத்துக்காரர்கள் ஐந்து பேரும் அடுத்த பட்டத்துக்கு முன்பே கூடிப் பேசினார்கள். ஆறு பேர் நிலமும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு ஏக்கர், ஒரே தொகுப்பு. தனித்தனியாகக் காவல் இருந்தபோது, ஒருவர் விரட்டிய பன்றி மற்றவர் நிலத்தில் இறங்கியது. ஆறு பேரும் ஆறு இரவும் விழித்தார்கள். முறை வைத்தபின் ஒரு இரவுக்கு ஒருவர் காவல். மற்ற ஐந்து பேர் தூங்கலாம், காலையில் தறியில் உட்காரலாம்.

எல்லாரும் ஒரே வாரத்தில் விதைத்தார்கள். காய் பிடிப்பதும் பிடுங்குவதும் ஒன்றாக அமைந்ததால் காவல் நாட்கள் குறைந்தன. ஓடைப் பக்கத்துப் புதரை வெட்டிப் பகல் மறைவிடத்தை அழித்தார்கள். தொகுப்பைச் சுற்றி ஆமணக்கை நான்கு வரிசை நெருக்கி நட்டார்கள். கடலையைச் சுற்றிக் குசும்பாவையும் மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கையும் நெருக்கமாக விதைப்பது ஐதராபாத் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைத்த முறை. குசும்பாவின் முள்ளும் இரண்டின் வாடையும் பன்றியின் மோப்பத்தைக் குழப்பும். இங்கே விதை எளிதில் கிடைப்பது ஆமணக்கு என்பதால் அதை எடுத்துக்கொண்டார்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டி, மண்ணெண்ணெயும் கந்தகமும் கலந்து வாரம் ஒரு முறை தடவினார்கள்.

பன்றி அறவே வராமல் போகவில்லை. ஒரு மூலையில் கொஞ்சம் போனது. ஆனால் பாதி நிலம் போன வருடத்தோடு ஒப்பிட்டால் அது சேதமே இல்லை என்கிறான் அவன். அந்த வருடம் பாவு நிற்கவில்லை.

துப்பாக்கிக்குப் பதில் என்று சிலர் கைவைக்கும் வேறு சில வழிகள் அதைவிடக் கொடியவை. மின்கம்பியில் நேரடியாகக் கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் விடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். மனிதர் சாவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் ‘கார்பைடு துப்பாக்கி’ சில இடங்களில் குரங்கு விரட்டப் பயன்படுகிறது. உள்ளே உண்டாவது அசிட்டிலீன் வாயு. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் அது வெடிக்கும். 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பிள்ளைகள், இதனால் கண்ணில் காயம்பட்டார்கள்.

உழவர் கேள்விகளுக்குச் சுருக்கமான பதில்கள்

கைத்துப்பாக்கிக்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லி உரிமம் கேட்கலாமா?
பயிர்க் காவலுக்குச் சட்டம் சொல்வது வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையும், அது போதாத இடத்தில் நீளக்குழல் துப்பாக்கியையும்தான். கைத்துப்பாக்கி கேட்பவர் தகுந்த வேறு காரணத்தை மாவட்ட ஆட்சியருக்கு விளக்க வேண்டும். காவல்துறை விசாரணை உண்டு. பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்று வேண்டும். உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

காற்றுத் துப்பாக்கி வாங்கலாமா?
4.5 மி.மீ.க்கு மேற்பட்ட ரவை அளவோ, 20 ஜூலுக்கு மேற்பட்ட விசையோ இருந்தால் அதற்கும் உரிமம் வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்டது பன்றியை ஒன்றும் செய்யாது. மனிதர் கண்ணைக் கெடுக்கும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி உரிமமில்லாமல் பரணில் கிடக்கிறது. என்ன செய்வது?
ஒளித்து வைக்க வேண்டாம். எறியவும் வேண்டாம். ஊர்ப் பெரியவர் ஒருவரையோ வழக்கறிஞரையோ உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள்.

சூரிய மின்வேலி போடலாமா?
போடலாம். காப்புக்காட்டுக்கு அருகில் என்றால் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி வனத்துறை அனுமதி வேண்டும். வேலிக்கருவி தரச்சான்று பெற்றதாக இருக்க வேண்டும். மின்வாரியக் கம்பியிலிருந்து நேரடி இணைப்பு ஒருபோதும் கூடாது.

பன்றி அழித்த கடலைக்கு இழப்பீடு கிடைக்குமா?
கிடைக்கும். சேதமான அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு வனச்சரக அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அலுவலர்கள் வந்து பார்க்கும்வரை நிலத்தை உழுதுவிட வேண்டாம். பயிர்க் காப்பீட்டிலும் வனவிலங்குச் சேதத்தைச் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது; 2026 காரிஃப் பருவம் முதல், மாநில அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளுக்கும் விலங்குகளுக்கும் அது பொருந்தும். சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டுப் பிரிமியம் கட்டும்போதே உங்கள் பிர்க்கா அதில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.